வேலையில்லா நாட்களும் தொழிலாளர் காப்புறுதியும்



தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு வரவுப் பதிவேடு ஒரு செய்தித்தாள் போன்றது. எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் சம்பளம் வரவில்லை என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். நமது வகுப்பில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருமுறை தொடர்ந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவனை அழைத்து விசாரித்தோம். "அப்பா கால்ல செம்பனைக் குலை விழுந்திடுச்சு சார். அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. நான்தான் அப்பாவைப் பாத்துக்கிட்டேன்" என்றான்.

அன்று மாலையே அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். தந்தை பாயில் படுத்திருந்தார். பாதத்தில் மாவுக்கட்டு. மருத்துவமனையில் கொடுத்த விடுப்புச் சீட்டு எங்கே என்று கேட்டதும், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து பத்திரமாக எடுத்துக் காட்டினார். முப்பது நாள் விடுப்பு எழுதியிருந்தது. அதில் பதினொரு நாள் அதற்குள் கழிந்துவிட்டது.

"ஆபீசில இதைக் கொடுத்தீங்களா அண்ணே?"

"மண்டோருக்குத் தெரியும் சார். அவருதான் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாரு."

"சொக்சோ பாரம் போட்டாச்சா?"

"அது கை, கால் போனாத்தானே சார் கொடுப்பாங்க?"

நேயர்களே, அவர் கேட்ட அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். அவர் படிக்காதவர் அல்லர். ஆறாம் ஆண்டுவரை நமது பள்ளியிலேயே படித்தவர். பதினைந்து ஆண்டுகளாக மாதந்தோறும் அவருடைய சம்பளச் சீட்டில் 'சொக்சோ' என்று ஒரு தொகை கழிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தத் தொகை எதற்கு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய ஏற்பாடு வேறு. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையில் அடிபட்டவருக்கு முதலாளிதான் ஈடு கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாத முதலாளியோடும் கொடுக்க வழியில்லாத முதலாளியோடும் தொழிலாளி போராட வேண்டியிருந்தது. 1969-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1971-இல் சொக்சோ தொடங்கப்பட்டது. முதலில் அது தொழில் அமைச்சின் கீழ் ஓர் இலாகாவாக இருந்தது. 1985-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சட்டபூர்வ நிறுவனமாயிற்று. இன்று அதை மலாய்ப் பெயரால் பெர்கேசோ என்கிறோம். தோட்டத்தில் இன்னும் சொக்சோதான்.

இந்த நிதியில் முதலாளியும் பணம் போடுகிறார், தொழிலாளியும் போடுகிறார். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது இருந்த கணக்கைச் சொல்கிறோம். 1,700 வெள்ளி வாங்கும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சொக்சோவுக்கு 8 வெள்ளி 25 காசு பிடிக்கப்பட்டது. முதலாளி தம் பங்காக 28 வெள்ளி 85 காசு செலுத்தினார். வேலை காப்புறுதித் திட்டத்துக்கு இருவரும் ஆளுக்கு 3 வெள்ளி 30 காசு. ஆக, தொழிலாளியின் பையிலிருந்து மாதம் போனது 11 வெள்ளி 55 காசு. கடையில் காசு கொடுத்து அரிசி வாங்குகிறவர் அரிசியைத் தர்மமாகக் கேட்பதில்லை. இதுவும் அப்படித்தான். ஆனால் சொக்சோ அலுவலகத்துக்குப் போகும்போது நம்மவர்கள் ஏனோ கைகட்டி நிற்கிறார்கள்.

சரி, அடிபட்டவருக்கு என்ன கிடைக்கும்?

வேலையில் காயப்பட்டு, சில நாளோ சில மாதமோ வேலைக்குப் போக முடியாமல் கிடப்பவருக்குக் கொடுக்கப்படுவது தற்காலிக இயலாமை உதவித்தொகை. கையோ காலோ போயிருக்க வேண்டியதில்லை. எலும்பு முறிந்து கூடிவிடும் காயமாக இருக்கலாம். அரிவாள் பட்ட வெட்டாக இருக்கலாம். செம்பனை முள் குத்திச் சீழ் பிடித்த விரலாகவும் இருக்கலாம். மருத்துவர் கொடுக்கும் விடுப்பு, விபத்து நடந்த நாளையும் சேர்த்து, நான்கு நாளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதற்குக் குறைந்தால் சொக்சோ கொடுக்காது. சம்பளத்தோடு கூடிய சாதாரண மருத்துவ விடுப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொகை எவ்வளவு? கணக்கிடப்பட்ட நாட்சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது. மேலே சொன்ன 1,700 வெள்ளித் தொழிலாளிக்குச் சொக்சோவின் பட்டியலில் 1,650 வெள்ளி என்று சம்பளம் எடுத்துக்கொள்வார்கள். அதை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 55 வெள்ளி. அதில் எண்பது விழுக்காடு 44 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமையும் மழை நாளும் இதில் கழிவதில்லை. விடுப்புச் சீட்டில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அத்தனை நாளுக்கும் உண்டு. முப்பது நாளுக்கு 1,320 வெள்ளி ஆகிறது. மருத்துவர் விடுப்பை நீட்டினால் உதவித்தொகையும் நீளும்.

இங்கே இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சொக்சோவிடம் இந்த உதவித்தொகையைப் பெறும் நாட்களுக்கு, முதலாளியிடமும் மருத்துவ விடுப்புச் சம்பளம் வாங்க முடியாது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அதை விலக்கியிருக்கிறது. மற்றொன்று இதைவிடப் பெரிய தொல்லை. விடுப்பு முடியுமுன்னே பலர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். "சும்மா வந்து உட்காரு, லேசான வேலை தர்றேன்" என்று மண்டோர் அழைப்பார். அவர் நல்ல மனத்தோடுதான் அழைத்திருப்பார். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய நாளுக்கு உதவித்தொகை கிடையாது. காலும் சரியாக ஆறாது. பிறகு வலி திரும்பும்போது, "அன்றைக்கு நடந்து வேலைக்கு வந்தாரே!" என்ற பேச்சும் வரும்.

வேலைக்குப் போகிற வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். வீட்டிலிருந்து வேலையிடத்துக்குச் செல்லும் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் சொக்சோவுக்குச் சொல்லலாம். அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் வழியும் சேர்த்திதான். ஆனால் வேலை முடிந்து, நேரே வீட்டுக்கு வராமல் வேறு திசையில் நண்பர் வீட்டுக்குப் போய் விழுந்தால் அது கணக்கில் வராது. கூட்டாளியின் கல்யாண வீட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டு வந்த கதைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

இவ்வளவு இருந்தும் பணம் ஏன் வீடு வந்து சேருவதில்லை? இந்த இடத்தில் நமது வீட்டுக் கதையையே சொல்லிவிடலாம்.

நமது தந்தையார் பால்மரம் வெட்டியவர். 1993-ஆம் ஆண்டு, மழை விட்ட ஒரு காலையில், காண்டாவில் இரண்டு வாளிப் பாலோடு மேட்டிலிருந்து இறங்கியவர் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் எலும்பு கட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் எண்ணெய் தடவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். மருத்துவமனைக்குப் போகவே இல்லை. தந்தையார் ஏறக்குறைய இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார்.

ஆறாவது வாரம், யாரோ சொன்னார்கள் என்று அம்மா ஆபீசுக்குப் போய்ச் சொக்சோவைப் பற்றிக் கேட்டார். "டாக்டர் சீட்டு எங்கே?" என்று கேட்டார்கள். சீட்டு ஏது? அவர்கள் அப்படிக் கேட்டதில் குற்றமில்லை. ஆனால் விழுந்த மறுநாளிலிருந்து பெரட்டில் தந்தையார் பெயரைக் கூப்பிட்டு, 'வரவில்லை' என்று நாள்தோறும் செக்குரோலில் குறித்தவர்களும் அவர்கள்தாம். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அது பின்னால் மீண்டது. மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், 'அப்பா எழுந்திரிக்கிற வரைக்கும்' என்று சொல்லிப் பால் வெட்டப் போனார். அவர் மீண்டும் பள்ளிக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் கணக்கில் கெட்டிக்காரர் அவர்தான்.

அதனால்தான் இந்த விஷயத்தில் சற்றுக் கடுமையாகப் பேசுகிறோம். எலும்பு கட்டுகிற பெரியவரை மதிக்க வேண்டாம் என்பதல்ல நமது எண்ணம். முதலில் அரசாங்க மருத்துவமனைக்கோ சொக்சோவின் பட்டியலில் உள்ள மருந்தகத்துக்கோ போய்விட வேண்டும். அங்கே வைத்தியச் செலவையும் சொக்சோ ஏற்றுக்கொள்கிறது. மருத்துவர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்கும்போது, "சும்மா விழுந்துட்டேன்" என்று சொல்லக்கூடாது. எங்கே, எந்த வேலை செய்யும்போது, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். அவர் எழுதும் அந்த ஒரு வரியைத்தான் பிறகு சொக்சோ அதிகாரி படிப்பார். வீட்டில் வழுக்கி விழுந்ததாக அதில் பதிவாகிவிட்டால், பிறகு நூறு பேர் வந்து சாட்சி சொன்னாலும் சிரமம்தான்.

அடுத்தது ஆபீசுக்குச் சொல்வது. மண்டோருக்குத் தெரியும், கங்காணி பார்த்தார் என்பதெல்லாம் போதாது. விபத்துத் தெரிவிக்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்குரியது பாரம் 34. தொழிலாளி நடக்க முடியாமல் கிடந்தால் மனைவி போகலாம், பிள்ளை போகலாம், உடன் வேலை செய்தவர் போகலாம். விடுப்புச் சீட்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுக்க வேண்டும். எந்த நாளில், யார் கையில் கொடுத்தோம் என்று நகலின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். பள்ளியில் நகல் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. நாங்கள் அதற்குக் காசு கேட்பதில்லை.

குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் தோட்டத்தில் இப்போது அதிகம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தம் பெயர் சொக்சோவில் பதிவாகியிருக்கிறதா என்பதை. வேலைக்கு எடுத்த முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. குத்தகைக்காரரும் முதலாளிதான். அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போகிற நாளில் சொக்சோ அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களும் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வேலை விபத்துக் காப்புறுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

காயம் ஆறியும் குறை நிலைத்துவிட்டால் நிரந்தர இயலாமை உதவி உண்டு. அதை மருத்துவ வாரியம் முடிவு செய்யும். 2007-ஆம் ஆண்டு முதல், காயப்பட்டவரை மறுபடியும் வேலைக்குத் திருப்பும் திட்டமும் நடக்கிறது. மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் ஒன்றும் இருக்கிறது. அவற்றை விரித்துச் சொல்ல இன்று நேரம் போதாது.

உடம்பு நன்றாக இருக்க, வேலை மட்டும் போய்விட்டால்?

தோட்டத்து மக்களுக்கு இது புதிய அச்சமன்று. தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தையும், ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தையும், செம்பனையும் போய் வீடமைப்பு வந்த காலத்தையும் பார்த்தவர்கள் நாம். நெடுங்காலம், வேலை போனவருக்கு இருந்த ஒரே ஆதரவு முதலாளி கொடுக்கும் ஆட்குறைப்பு நட்டஈடுதான். 1980-ஆம் ஆண்டின் விதிகளின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். குறைந்தது ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கொடுக்க வேண்டிய முதலாளியே நொடித்துப் போனால்?

அந்தக் குறைக்காகத்தான் 2017-இல் வேலை காப்புறுதித் திட்டச் சட்டம் வந்தது. 2018 ஜனவரியில் சந்தா பிடிக்கத் தொடங்கினார்கள்; 2019 ஜனவரி முதல் முழு உதவிகள் கொடுக்கப்பட்டன. இதையும் சொக்சோதான் நடத்துகிறது. இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகையை அந்தச் சட்டம் இப்படி வகுத்தது: முதல் மாதம் சம்பளத்தில் எண்பது விழுக்காடு, இரண்டாம் மாதம் ஐம்பது, மூன்றும் நான்கும் நாற்பது, ஐந்தும் ஆறும் முப்பது. நமது 1,700 வெள்ளித் தொழிலாளிக்கு இந்தக் கணக்கில் முதல் மாதம் 1,320 வெள்ளி, இரண்டாம் மாதம் 825, பிறகு 660, அப்புறம் 495. தொகை இறங்கிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். இது உட்கார்ந்து சாப்பிடுவதற்கான பணமன்று. வேலை தேடுகிறார் என்பதற்குச் சான்றும் காட்ட வேண்டும். புதிய தொழில் கற்க விரும்பினால் பயிற்சிக்கும் உதவி உண்டு.

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நட்டஈட்டு வழக்கு நடக்கிறதே, அது முடியட்டும் என்று காத்திருந்து அறுபது நாளைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும்; விண்ணப்பம் ஒரு பக்கம் போகட்டும்.

யாருக்கு இது கிடைக்காது? தாமாக வேலையை விட்டவருக்குக் கிடைக்காது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து போனவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் கிடைக்காது. இதில் 'தாமாக விட்டவர்' என்ற இரண்டு சொற்கள்தான் நம்மவர்களை அதிகமாகக் கவிழ்க்கின்றன.

ஒரு நாள், பள்ளி விடும் நேரத்தில் மாணவி ஒருத்தியின் தாயார் வந்தார். உரம் போடும் பிரிவில் பதினான்கு ஆண்டு வேலை செய்தவர். தோட்டத்தின் அந்தப் பகுதி வீடு கட்ட விற்கப்பட்டிருந்தது. கையில் மலாய் மொழியில் எழுதிய ஒரு தாள்.

"சார், இதில கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஆயிரம் வெள்ளி தர்றாங்களாம். எல்லாரும் போடுறாங்க. நானும் போடவா?"

வாங்கிப் படித்தோம். பெரிய தாளில் நான்கே வரி. இரண்டாம் வரியில், 'மெலெத்தாக் ஜாவாத்தான் செச்சாரா சுக்காரேலா' என்றிருந்தது. அதாவது, 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்.'

"அக்கா, நீங்களா வேலையை விடுறீங்க?"

"ஐயோ, நான் எங்க சார் விட்டேன்? அவங்கதானே வேலை இல்லைன்னுட்டாங்க!"

"அதைத்தான் இந்தத் தாள் மாத்திச் சொல்லுது."

பிறகு ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டோம். பதினான்கு ஆண்டு, ஆண்டுக்கு இருபது நாள்; 280 நாள் சம்பளம். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பு, அல்லது அதற்குரிய சம்பளம். அதற்கு மேல் சொக்சோவின் வேலை தேடும் உதவித்தொகை. கையெழுத்திட்டால் இவை எல்லாவற்றுக்கும் பதிலாக அந்த ஆயிரம் வெள்ளி. அந்த அம்மாள் பேசாமல் தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மறுநாள் தொழிற்சங்கத்துக்கும், அங்கிருந்து தொழிலாளர் இலாகாவுக்கும் போனார். அவரோடு இன்னும் ஒன்பது பேர் போனார்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட நால்வரும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் பாடு மிகவும் கஷ்டமாயிற்று. நட்டஈட்டு விவகாரம் ஐந்து மாதம் இழுத்தது. ஆனால் ஐந்தாவது வாரமே சொக்சோவுக்கு அந்த அம்மாள் விண்ணப்பம் போட்டுவிட்டபடியால், அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதலாளி அறிவித்து நடத்தும் விருப்பப் பிரிவுத் திட்டம் வேறு. தனி ஆளாக எழுதிக்கொடுக்கும் ராஜினாமாக் கடிதம் வேறு. முன்னதில் வெளியேறுபவர் உதவித்தொகை கேட்கலாம். பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ வேலையை விட நேர்ந்தவர்களுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எனவே தாளின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கையெழுத்திடும் முன் ஒரு நாள் தவணை கேளுங்கள். "வீட்டில் கேட்டுட்டு வர்றேன்" என்று சொன்னால் போதும். எந்தத் தோட்டத்திலும் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. தாளைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம். கோவிலில் விவரம் தெரிந்தவரிடம் காட்டலாம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

காலில் குலை விழுந்தவர் கதையை நடுவில் விட்டுவிட்டோம். மறுநாள் அவருடைய மனைவி விடுப்புச் சீட்டோடு ஆபீசுக்குப் போனார். 'பதினொரு நாள் கழித்து வந்தால் எப்படி?' என்று முதலில் முகம் சுளித்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோன மண்டோரே முன்வந்து, விபத்து நடந்த இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். பாரம் போயிற்று. விடுப்பு மேலும் பதினைந்து நாள் நீண்டது. ஆக நாற்பத்தைந்து நாளுக்கு, நாளொன்றுக்கு 44 வெள்ளி வீதம் 1,980 வெள்ளி அவருடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை மளிகைக்கடைக்காரர் பொறுத்துக்கொண்டார். பணம் வருமென்று காட்ட ஒரு தாள் இருந்தது அல்லவா?

பையன் அந்த வாரமே பள்ளிக்குத் திரும்பிவிட்டான். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியை வரவழைத்தார்கள். விட்டுப்போன நான்கு நாள் பாடத்தில் பின்னக் கணக்கு மட்டும் அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை. அதை இந்த வாரம் பார்த்துக்கொள்கிறோம்.